சரிவு எந்தப் பக்கம்?

போன ஞாயிற்றுக்கிழமை காலை. சைதாப்பேட்டையிலிருந்து வரும் கொத்தனார் ஏழுமலை, கையில் கரண்டியோடு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"சார், சரிவு எந்தாண்ட வுடறது?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் நான் பக்கத்து வீட்டு அண்ணாச்சியைப் பார்த்தேன். அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒரு காக்கா கூட இல்லை.

"இன்னா சார், நான் இன்னா கேட்டுட்டேன்?" என்றார் ஏழுமலை.

என்ன கேட்டுவிட்டாரா? சொந்த வீடு வைத்திருக்கும் வாசகர்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். வாடகை வீட்டுக்காரர்கள் – கொடுத்து வைத்தவர்கள் – அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வீட்டுக்கு நடுவே இருக்கும் சுவரின் தலையைத் தட்டையாக விடமாட்டார்கள். மழைத் தண்ணீர் வழிந்தோட ஒரு பக்கமாகச் சரித்துப் பூசுவார்கள். தண்ணீர் யார் பக்கம் வழிகிறதோ, சுவர் அவருக்குச் சொந்தம். இதுதான் வழக்கம். பத்திரம் வேண்டாம், பட்டா வேண்டாம்... சுவரின் தலையைப் பார்த்தாலே போதும்.

ஆக, ஏழுமலை கேட்டது சிமெண்ட் சமாசாரமே இல்லை. 'இந்தச் சுவர் உங்கள் இரண்டு பேரில் யாருடையது?' என்று கேட்டுவிட்டார். அதற்கு விடை தெரியாமல்தான் நானும் அண்ணாச்சியும் ஒரு வருஷத்துக்கு மேலாக முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தோம்.

அண்ணாச்சியின் பெயர் சங்கரலிங்கம். தி.நகரில் ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். கடை மாடியிலேயே படுத்துத் தூங்கி, காலணா காலணாவாகச் சேர்த்து அடையாறில் வீடு கட்டினவர். நாங்கள் மயிலாப்பூர் வாடகை வீட்டிலிருந்து தப்பித்து, ஆபீஸ் லோன் வாங்கி, அவருக்குப் பக்கத்தில் கட்டினோம். இரண்டு வீடும் வருவதற்கு முன்பே அந்தச் சுவர் அங்கே இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் தன் தோட்டத்தை மனை போட்டு விற்றபோது எழுப்பியது. களிமண் சாந்தில் வைத்த செங்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு. தலை தேய்ந்து வழுக்கையாகி, சரிவு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க முடியாத நிலைமை.

சுவர் திடகாத்திரமாக இருந்த காலத்தில் எங்கள் சண்டை வேறு மாதிரி. துணி உலர்த்தக் கொடி கட்டுவதற்காக நான் சுவரில் ஓர் ஆணி அடித்தேன்.

"என்ன சார்வாள், நம்ம சுவத்துல ஆணி அடிக்கீயளே?" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

அடுத்த வாரம் அண்ணாச்சி, திருடனுக்குப் பயந்து சுவரின் தலையில் உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பதித்தார். "என் சுவரில் என்னைக் கேட்காமல் கண்ணாடியா?" என்று நான் குதித்தேன்.

சைதாப்பேட்டை கோர்ட்டில் பிராக்டிஸ் செய்யும் நண்பர் ஒருவரிடம் போனேன். "ரொம்ப சிம்பிள். அவரவர் வீட்டுக்கு இடது கைப்பக்கச் சுவர் அவரவருடையது. ஊர் வழக்கம்" என்றார். சந்தோஷமாகத் திரும்பி வந்து, எங்கள் வாசற்படியில் தெருவைப் பார்த்து நின்று இடது கையை நீட்டினேன். சுவர் என்னுடையது! அண்ணாச்சி நிதானமாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். தன் வீட்டைப் பார்த்து நின்றார். இடது கையை நீட்டினார். சுவர் அவருடையது! படியில் நின்று பார்ப்பதா, தெருவில் நின்று பார்ப்பதா என்று நண்பரும் சொல்லவில்லை, ஊர் வழக்கமும் சொல்லவில்லை.

அப்புறம் ஓர் ஐப்பசியில் பேய் மழை பெய்தது. மழை நின்று பார்த்தால் சுவருக்கு வயிறு தள்ளியிருந்தது. எங்கள் பக்கமாக.

அன்றைக்கு நடந்த அதிசயத்தை என்னவென்று சொல்வேன்! நான் மெதுவாகப் படியிறங்கித் தெருவுக்குப் போய் அங்கிருந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை, சுவர் அண்ணாச்சியுடையதுதான். அண்ணாச்சியோ தெருப்பக்கமே வரவில்லை. தன் வாசற்படியில் நின்றுகொண்டு, அது என்னுடைய சுவர் என்று அடித்துச் சொன்னார்.

"விழுந்தா எந்தப் பக்கம் விழும்? ஒங்க பக்கம்தான? அப்ப அது ஒங்க சுவருல்லா?"

"வயிறு என் பக்கம் வந்ததென்றால் அந்தப் பக்கத்திலிருந்து தள்ளினது யார்?" என்றேன் நான்.

பேச்சு வளர்ந்தது. முட்டுக் கொடுக்க ஒரு கட்டை வைத்தால்கூட, வைத்தவன் தலையில் சுவர் சட்டப்படி விழுந்துவிடும் என்று இருவருக்கும் பயம். ஆகவே யாரும் ஒன்றும் செய்யவில்லை. அதோடு பேச்சும் நின்றது. காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ் ஸ்டாப்பில்தான் நிற்போம். அவர் கிழக்கே பார்ப்பார், நான் மேற்கே பார்ப்பேன். பஸ் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் எங்களில் ஒருவருக்கு முதலில் தெரிந்துவிடும்... அந்த வசதி மட்டும் இருந்தது.

நன்றாக இருக்கிற வரைக்கும் சொந்தம் கொண்டாட இரண்டு பேர். பழுது வந்துவிட்டால் ஒருத்தரும் இல்லை. சுவருக்கு மட்டும்தானா இந்தக் கதி? தெருவில் இருக்கிற கார்ப்பரேஷன் குழாயைக் கேட்டுப் பாருங்கள், அதுவும் கண்ணீர் விடும்.

நாங்கள் பேசாவிட்டால் என்ன, எங்கள் வீட்டுப் பெண்கள் பேச்சை நிறுத்தவே இல்லை. என் மனைவி விசாலமும், அண்ணாச்சியின் மனைவி சொர்ணத்தம்மாளும் அதே வயிறு தள்ளிய சுவருக்கு மேலாக, கண்ணாடித் துண்டு இல்லாத இடமாகப் பார்த்து, வற்றல் குழம்பும் சொதியும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சியின் மகள் வடிவு வாசல் வழியாகவே வருவாள். பி.ஏ. முடித்த பெண். வாராவாரம் நம் பத்திரிகையை முதலில் படிப்பது அவள்தான், எனக்கும் முன்னால். "மாமா, இந்த வாரம் உங்க பத்தியில உப்பு இல்ல" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போவாள். அவள் சொன்னால் எனக்குக் கோபம் வராது. ஆசிரியர் சொன்னால் வரும்.

போன கார்த்திகையில் வடிவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. முகூர்த்தம் தை மாதக் கடைசியில்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. அண்ணாச்சிக்கு ஒரே ஆசை. தான் பாடுபட்டுக் கட்டின வீட்டு வாசலிலேயே முதல் பெண் கழுத்தில் தாலி ஏற வேண்டும். தி.நகரில் மண்டபத்துக்கா பஞ்சம்? ஆனால் அவருக்கு அது வேண்டாம். வாசலில் பந்தல் போட்டுவிடலாம், சரி. சமையலுக்குக் கோட்டையடுப்பு எங்கே போடுவது? பந்தி எங்கே நடத்துவது? அவர் வீட்டுப் பக்கவாட்டில் இருப்பது ஒரு சந்து. சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் காலி இடம். ஓர் எலுமிச்சை மரத்தைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. இருநூறு பேர் தாராளமாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்கட்டுமே என்று இருந்தேன். ஊரிலிருந்து அவருடைய தம்பி கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார், 'கல்யாணத்தை இங்கே என் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்' என்று. தை பிறந்ததும் அழைப்பிதழ் அடிக்கக் கொடுக்க வேண்டும். அதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.

ஒருநாள் வடிவு பத்திரிகையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். உப்பு, புளி என்று ஒன்றும் சொல்லவில்லை.

"ஊர்ல கல்யாணம்னா என் ஃப்ரெண்ட்ஸ் யாரும் வர முடியாது மாமா. நீங்களும் வர மாட்டீங்க" என்றாள்.

"வராமல் என்ன..." என்று இழுத்தேன். அவள் சுவரை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ரொம்பவே வருத்தம். ஆனால் அண்ணாச்சி கேட்கவில்லையே! வருத்தம் ஒரு பக்கம், வீம்பு ஒரு பக்கம். எந்தப் பக்கம் சரிவு என்று கேட்கிறீர்களா? வீம்பு பக்கம்தான்.

அந்தச் சமயத்தில் விசாலத்துக்குத் திடீரென்று தோட்டக்கலையில் ஈடுபாடு வந்தது. சுவரை ஒட்டி நீளமாகப் பாத்தி வெட்டினாள். அவரை விதை ஊன்றினாள். ஆடியில் ஊன்ற வேண்டிய அவரையைக் கார்த்திகையில் ஊன்றுகிறாளே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் அன்றைக்குப் பத்தி எழுதுகிற மும்முரத்தில் இருந்தேன்.

"ஏன்னா, இந்த வாளித் தண்ணியைக் கொஞ்சம் அவரைக்கு விட்டுடுங்கோ. நேக்கு முதுகு பிடிச்சிண்டிருக்கு."

விட்டேன். மறுநாளும் விட்டேன். அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவின தண்ணீர், துணி அலசின தண்ணீர் – வீட்டில் ஒரு சொட்டு வீணாகவில்லை, எல்லாம் அவரைக்கு. அந்த வருஷம் மழை பொய்த்து, ஊரெல்லாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறது. எங்கள் கிணறு அடி தட்டிவிட்டது. நானோ விடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரோரமாக வாளி வாளியாகக் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

"செடியே முளைக்கலையே விசாலம்?" என்றேன் ஒருநாள்.

"வேர் பிடிக்கறது. வேர்லதானே எல்லாம் இருக்கு? நன்னா சுவரோரமா விடுங்கோ."

மார்கழி முடியப் போகிற சமயம். ஒருநாள் காலை, காலி வாளியோடு நான் பாத்தியருகில் நின்றிருந்தேன். "ஏன்னா, உள்ளே வாங்கோ! காபி ஆறறது!" என்று விசாலம் கூப்பிட்டாள். வழக்கமாகக் காபியைத் தேடிக்கொண்டு நான்தான் சமையலறைக்குப் போவேன். இன்றைக்கு என்ன இவ்வளவு உபசாரம் என்று நாலடி நடந்திருப்பேன்... பின்னால் ஒரு பெருமூச்சு. அப்புறம் ஒரு தடதடப்பு. திரும்பினால் புழுதி. சுவர் மொத்தமும் எங்கள் பக்கமாக, அவரைப் பாத்தியின் மேல் படுத்துவிட்டது. எலுமிச்சை மரத்துக்கு ஒரு கீறல் இல்லை.

புழுதி அடங்கியது. அந்தப் பக்கம் முண்டா பனியனோடு அண்ணாச்சி நின்றார். அவர் கையிலும் ஒரு காலி வாளி.

இவருக்கு என்ன, அதிகாலையில் வாளியும் கையுமாக என்று நினைத்தேன். அவரும் என்னைப் பற்றி அதையேதான் நினைத்திருப்பார். இரண்டு பேர் மண்டையிலும் ஒன்றும் ஏறவில்லை.

"அடி ஒண்ணும் படலியே சார்வாள்?"

"இல்லை அண்ணாச்சி. உங்களுக்கு?"

ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து நாங்கள் பேசின முதல் வார்த்தைகள். அதற்கு மேல் என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவர் தன் சந்தையும் என் காலி இடத்தையும் சேர்த்து ஒரு பார்வை பார்த்தார். பார்க்கக் கல்யாண வீடு மாதிரியே இருந்தது. வாளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். நானும் மாற்றினேன்.

அதற்குள் விசாலம் வந்துவிட்டாள். "அண்ணாச்சி, கோட்டையடுப்பை எங்காத்து எலுமிச்சை மரத்தண்டை போட்டுக்கலாமே. பந்தியும் இங்கேயே நடத்திடலாம். சுவரைக் கல்யாணம் முடிஞ்சப்புறம் மெதுவாக் கட்டிண்டாப் போறது."

"அப்படியே செஞ்சிருவோம்மா. வடிவு! மாமிட்ட ஆசீர்வாதம் வாங்கு!" என்றாள் சொர்ணத்தம்மாள் உடனே.

அவ்வளவு உடனேவா ஒருத்திக்குப் பதில் வரும்? வடிவோ தலைக்குக் குளித்துப் பட்டுப்புடவையில் தயாராக நின்றுகொண்டிருந்தாள். எனக்கு அதுவும் உறைக்கவில்லை. பந்தல்காரர் வந்து என்னைப் பார்த்தபோது, "மரத்தை மட்டும் விட்டுவிட்டுப் போடுங்கள்" என்றேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடவே இல்லை.

கல்யாணம் ஜோராக நடந்தது. விழுந்த சுவரின் செங்கல்லையே எடுத்து அடுக்கிக் கோட்டையடுப்பு போட்டார்கள். நின்றிருந்த காலத்தில் செய்யாத உபகாரத்தை விழுந்த பிறகு செய்தது அந்தச் சுவர். வடிவு மணவறையிலிருந்து என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தாள். மாப்பிள்ளையின் பெரியப்பா, நான் ஓடியாடி உபசரிப்பதைப் பார்த்துவிட்டு, "ஐயா பொண்ணுக்கு என்ன உறவு?" என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் அண்ணாச்சி சொன்னார்:

"நாங்க ஒரே சுவத்துக்காரங்க."

கடைசிப் பந்தியில் நானும் அண்ணாச்சியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவரைக்காய்ப் பொரியல் வந்தது.

"கோயம்பேட்டுப் பக்கத்துத் தோட்டத்துல இருந்து வாங்கினது" என்றார் அண்ணாச்சி. "எங்க வீட்டுலயும்தான் போட்டா. ஒரு மாசம் நானும் மாடு மாதிரி தண்ணி ஊத்தினேன். ஒரு இலை காணல, பாத்துக்கிடுங்க."

என் கை இலையிலேயே நின்றது.

"அவரையா? எங்கே போட்டார்கள்?"

"சுவத்தோரமாத்தான்."

"நீங்களா ஊற்றினீர்கள்?"

"அவளுக்கு இடுப்பு வலின்னா. அதான் நான்..."

"எங்கள் வீட்டில் முதுகு வலி" என்றேன்.

அண்ணாச்சி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வாளி... காலை வேளை... முளைக்காத அவரை... பட்டுப்புடவை. எல்லாம் வரிசையாக வந்து நின்றது. இரண்டு பேரும் ஒன்றாகத் தலையைத் தூக்கிப் பாயசத் தவலை இருந்த பக்கம் பார்த்தோம். அங்கே விசாலமும் சொர்ணத்தம்மாளும் கரண்டியும் கையுமாக நின்று, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதுகு வலி, இடுப்பு வலி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

அண்ணாச்சிதான் முதலில் சிரித்தார். சிரிப்பென்றால் சிரிப்பு, சாதம் புரையேறுகிற சிரிப்பு. "அப்ப, சுவத்தைத் தள்ளினது நாமதானாவே?" என்றார். அதுவரைக்கும் 'சார்வாள்' என்று கூப்பிட்டவர், அன்றைக்குத்தான் முதல் தடவை, சிநேகிதர்களுக்குள் போடுகிற 'வே' போட்டார்.

ஆமாம். அவர் பாதி, நான் பாதி. கோர்ட்டுக்குப் போயிருந்தாலும் இதைவிடக் கச்சிதமாகப் பொறுப்பைப் பங்கு பிரித்திருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் விசாலத்திடம் கேட்டேன். மழுப்புவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மழுப்பவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருந்தா, அத்தனை தண்ணியும் மிச்சம். ஊரே தண்ணிக்குத் தவிக்கறச்சே, கொட்டறதுக்கு எங்களுக்கு மட்டும் ஆசையா?"

சட்டையை மாட்டிக்கொண்டு நேரே அண்ணாச்சியிடம் போனேன். புதுச் சுவருக்குச் செலவு சரிபாதி என்று ஒரு நிமிஷத்தில் முடிவாயிற்று. சர்க்கார் பெர்மிட் இல்லாமல் சிமெண்ட் கிடைக்காத காலம்; அந்த பெர்மிட்டுக்கு அவர் அலைவது, கல்லுக்கும் மணலுக்கும் நான் அலைவது. கண்ணாடித் துண்டு கிடையாது. உயரம், ஒரு குழம்புக் கிண்ணத்தைச் சிரமமில்லாமல் கை மாற்றுகிற உயரம். பெர்மிட்டுக்காக அண்ணாச்சி ஏறி இறங்கின படிகளைப் பற்றி இங்கே எழுதினால், ஆசிரியர் கத்திரிக்கோலை எடுத்துவிடுவார்.

இப்போது சொல்லுங்கள், ஏழுமலையின் கேள்விக்கு நாங்கள் என்ன பதில் சொல்வோம்?

"சார்வாள் பக்கமே விடப்பா" என்றார் அண்ணாச்சி, வானத்திலிருந்து பார்வையை இறக்கி.

"சேச்சே, அண்ணாச்சி பக்கம் விடு" என்றேன் நான்.

"இன்னா சார் இது!" ஏழுமலை கரண்டியைச் சட்டியில் போட்டார். "முன்னே ரெண்டு பேரும் என்துன்னு அட்ச்சிக்கினு இருந்தீங்கன்னு தெருவே சொல்லுது. இப்போ ரெண்டு பேரும் வேணான்றீங்க. அப்போ சொவுரு எனுக்கா?"

எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பதில் வந்தது. "நடுவுல முகடு வெச்சு ரெண்டு பக்கமும் சரிச்சு விட்டுடப்பா!"

"அதான சரி!" என்று அந்தப் பக்கத்து ஜன்னலும் சொன்னது.

ஏழுமலை அப்படியே செய்துவிட்டுப் போனார். அழகான சுவர். மழை பெய்தால் அவருக்குப் பாதி, எனக்குப் பாதி.

நேற்றுக் காலையில் வாசலைப் பெருக்கிவிட்டு விசாலம் பக்கவாட்டுப் பக்கம் போனாள். எட்டிப் பார்த்தேன். புதுச் சுவரை ஒட்டி நீளமாக ஒரு பாத்தி. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் அவரை விதை.

நான் பத்தியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிப்போய் அண்ணாச்சியிடம் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டு வந்தேன். இனிமேல் தினமும் விசாரிப்பதாக உத்தேசம்... இன்னொரு தடவை சிமெண்ட் பெர்மிட் யாரால் வாங்க முடியும்?